எழுதியவர்: ஸ்ரீஹர்ஷா

ஒன்றரை வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தும், காந்தா அந்தக் கம்பெனியின் ஆள் இல்லை. சிவாஜிநகரில் மாடி ரூம் ஒன்றில் நடந்த ஆள் சப்ளை ஏஜென்சி அவளை அங்கே அனுப்பியிருந்தது. கட்டடத்துக்குச் சித்தாள் அனுப்புகிற மாதிரிதான். அவள் அம்மா பாமா நிஜமாகவே சித்தாள். ஈஜிபுரா, கோரமங்களா என்று மேஸ்திரி காட்டிய திசையில் போய் இருபது வருஷமாகச் சட்டி சுமந்தவள். அப்பா சாரம் சரிந்து விழுந்து செத்த பிறகு அந்தச் சட்டிதான் காந்தாவை பி.எஸ்சி. வரைக்கும் கொண்டுவந்தது.

“உனுக்கும் எனுக்கும் ஒரே வேலதாண்டி. உனுக்கு ஏசி, எனுக்கு வெயிலு” என்று பாமா மகளைச் சீண்டுவாள். ஆனால் விவேக் நகர் பின்சந்தில் யார் வழிமறித்துக் கேட்டாலும், “எம் பொண்ணு அமெரிக்காக்காரன் மிஷின்ல வேல செய்றா” என்று நின்று சொல்லிவிட்டுத்தான் நகருவாள்.

அது பொய்யில்லை. ஒஹையோவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தமான மெயின்ஃப்ரேம் அது. ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நிற்கும் என்று சொல்வார்கள், காந்தா பார்த்ததில்லை. ரிச்மண்ட் சர்க்கிள் பக்கத்தில் மூன்றாவது மாடியில் அவள் முன்னால் இருந்தது கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அவ்வளவுதான். அங்கே ஆட்கள் வீட்டுக்குப் போகிற நேரம் பார்த்து, இங்கே காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அதைத் தொட இவர்களுக்கு அனுமதி.

இரண்டாயிரம் பிறந்தால் பழைய புரோகிராம் எல்லாம் படுத்துவிடும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்த 1999 அது. இன்ஷூரன்ஸ்காரர்கள் தங்கள் பழைய பாலிசிப் புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டு சி மொழியில் புதிதாகக் கேட்டிருந்தார்கள். எழுதியது இங்கே நிரந்தர வேலையில் இருந்த ஸ்ரீஹர்ஷா. எழுதினால் போதாது, அந்த மெஷினிலேயே அது கம்பைல் ஆக வேண்டும். மனுஷன் எழுதியதை மெஷின் ஓட்டுகிற வடிவத்துக்கு மாற்றுவதுதான் கம்பைல். மெயின்ஃப்ரேமுக்குள் புதிதாக ஒரு யூனிக்ஸ் ஷெல் வைத்திருந்தார்கள். இனி எல்லாம் அதன் வழியாகத்தான் என்று உத்தரவு. அந்த ஷெல்லைப் பழக்கி வேலை வாங்கும் பொறுப்பு காந்தாவுடையது.

வேலை முடிந்தால் இரண்டு பேர் ஒஹையோ போக வேண்டும் என்று பேச்சு. புரோகிராம் எழுதியவர் ஒருவர், ஷெல்லை அமைத்தவர் ஒருவர்.

“ரெண்டு சீட்டு காந்தா. எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு” என்று ஸ்ரீஹர்ஷா கேன்டீனில் விரலை நீட்டிக் காட்டினான். “அங்க போன மொத வாரமே ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம். அப்புறம் வீட்டுக்கு போன். அவ்ளோ தூரத்துல இருந்தா அம்மா என்ன பண்ணுவா சொல்லு? அழுவா. அழுதுட்டு சரிம்பா.”

அவன் வீடு மல்லேஸ்வரம். தாத்தா மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர். ஒரே ஒரு முறை காந்தாவை கேட் வரைக்கும் கூட்டிப் போயிருந்தான். அவன் அம்மா ராஜலக்ஷ்மி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, சிரித்த முகமாக, “எங்கே இருக்கேம்மா?” என்றாள். விவேக் நகர் சந்தின் பெயரைக் காந்தா சொன்னாள். அடுத்த கேள்வி வரவில்லை. ராஜலக்ஷ்மி வெயிலைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் தெரியும், இந்த ஊரில் இது நடக்காது. அந்த இரண்டு சீட்டில்தான் கல்யாணம் இருக்கிறது.

“காண்ட்ராக்ட் ஆளு நானு. என்ன எப்படி அனுப்புவாங்க?” என்று காந்தா சந்தேகப்பட்டாள்.

அதற்கும் பதில் இருந்தது. டீம் லீடர் சேஷகிரியிடம் அவளே கேட்டிருந்தாள். “க்ளையண்ட் உன்ன பேர் சொல்லிக் கேக்கட்டும்மா. நாளைக்கே உன்ன நம்ம ரோல்ல சேத்துக்கறேன். கேக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்” என்றிருந்தார். சேஷகிரி லேசில் வாக்கு கொடுக்கிற மனுஷர் இல்லை. கொடுத்துவிட்டார்.

ஆக, ஷெல் ஓட வேண்டும்.

முதல் நாள் கம்பைல் செய்யச் சொன்னதும் ஷெல் ஒரே வரியில் முடித்துவிட்டது: அதைச் செய்கிற கம்பைலரைக் காணவில்லை. அன்று மாலை பாமாவுக்கு அதைக் காந்தா இப்படிச் சொன்னாள்: “ஷெல்லுன்னா மேஸ்திரி மாதிரிம்மா. நாம சொல்றத கேட்டு ஆளு வச்சு வேல வாங்கும். ஆனா சிமெண்டு எந்த குடோன்ல கீதுன்னு அதுக்கு யாரும் சொல்லல.”

“குடோன்காரன கேக்கறது?”

“அவரு ரிட்டயர் ஆயிட்டாராம்.”

“நல்ல கம்பெனிடி” என்றாள் பாமா.

கம்பைலர் வழக்கமான பெயரில் இல்லை. வைத்தவர் என்ன பெயரில் வைத்தாரென்று ஒஹையோவில் யாருக்கும் ஞாபகமில்லை. காந்தா அந்த மெஷினில் குடோன் மாதிரி இருந்த நூலகங்களின் பெயர்களைப் பக்கம் பக்கமாக வரவழைத்து, சந்தேகப்பட்டதையெல்லாம் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கண் எரிந்தது. ஐந்தாம் நாள் கண்டுபிடித்தாள். ஒன்றுக்கு இரண்டு இருந்தது. பழையது ஒன்று, புதியது ஒன்று. பழையதில் கம்பைல் ஆகும், ஆனால் ஓடும்போது பாதியில் விழும். எனவே புதியதை முதலிலும் பழையதைப் பின்னாலும் தேடும்படி சொல்லிவைக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவைக்கிற இடம் புரொஃபைல் என்ற சின்னக் கோப்பு. உள்ளே நுழைந்ததும் ஷெல் முதலில் படிப்பது அதைத்தான்.

சொல்லிவைத்தும் ஓடவில்லை. ஷெல்லுக்குத் தெரிந்தது, அது கூப்பிட்ட கம்பைலருக்குப் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ‘எக்ஸ்போர்ட்’ என்று போட்டால்தான் சேரும். போட்டாள். பிறகு தற்காலிகக் கோப்புகளுக்கு இடம் நிரம்பி நின்றது. வேறு இடம் காட்டினாள். பதினொரு நாள், இருபத்து மூன்று வரி.

அந்தப் பதினொரு நாளில் ஸ்ரீஹர்ஷாவுக்கும் நேரம் சரியில்லை. இதே ஷெல் தகராறால் அவன் புரோகிராம் சோதனையில் இரண்டு தரம் விழுந்தது. ஒஹையோவில் இவர்களை மேய்க்கிற க்ளிஃபர்ட், ‘இந்த ஆள் சரிப்பட்டு வருவானா’ என்று சேஷகிரிக்கு மெயில் போட்டிருந்தான். ஸ்ரீஹர்ஷா அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அவனை அப்படிப் பார்க்கக் காந்தாவுக்குப் பொறுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை, ஒன்பதரை மணிக்கு முழுப் புரோகிராமும் ஒரு பிழைகூட இல்லாமல் கம்பைல் ஆனது. ஸ்ரீஹர்ஷா எல்லார் முன்னாலும் அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினான். பக்கத்து சீட்டு மௌரீன், விவேக் நகர் பஸ்ஸில் காந்தாவோடு கூடவே வருகிறவள், “ஏய், ஆபீஸ் டைம்ல கை நீளுது பாரு! கல்யாணச் சாப்பாடு எப்பன்னு சொல்லிட்டு அடிங்கப்பா” என்றாள். மூவரும் சிரித்தார்கள்.

அந்தப் புரொஃபைல் கோப்பை அனுப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. கம்பெனியில் எந்தக் கோப்பாக இருந்தாலும் தலையில் நான்கு வரி எழுத வேண்டும்: என்ன கோப்பு, என்ன தேதி, என்ன மாற்றம், எழுதியவர் யார். காண்ட்ராக்ட் ஆட்கள் அதில் தங்கள் பெயரைப் போடக்கூடாது. வெளி ஆளை வைத்து வேலை நடக்கிறது என்று க்ளையண்டுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. ஆகையால் காண்ட்ராக்ட் ஆட்கள் யார் எழுதினாலும் சேஷகிரி என்று போடுவார்கள். க்ளையண்டும் விவரம் தெரிந்தவன்தான். சேஷகிரி என்று இருந்தால், “உங்க டீமில் யார் செஞ்சது?” என்று கேட்பான். அப்போது சேஷகிரி அவள் பெயரைச் சொல்வார். காந்தா என்ற பெயர் ஒஹையோவுக்குப் போக இருந்த வழி அது ஒன்றுதான்.

காந்தா ‘எழுதியவர்’ என்ற வரியில் கர்சரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தாள். அவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது கண்ணில் நின்றது. ஷெல்லை ஓட வைத்தவன் இவன் என்று தெரிந்தால் க்ளிஃபர்ட் வாயை மூடிக்கொள்வான். அவன் சீட்டு உறுதியாகிவிடும். தன் சீட்டை அவன் பார்த்துக்கொள்வான். ஸ்ரீஹர்ஷா என்று அடித்தாள். அனுப்பினாள். அவனிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து, செய்தது சரி என்றே நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு கான்ஃபரன்ஸ் கால். ஒஹையோவில் ஞாயிறு இரவு. க்ளிஃபர்ட் தன் வீட்டிலிருந்து பேசினான். இங்கே மேஜைமேல் ஸ்பீக்கர் போன், அதைச் சுற்றி சேஷகிரி, ஸ்ரீஹர்ஷா, காந்தா. காந்தா நல்ல சுடிதார் போட்டு வந்திருந்தாள். பேசச் சொன்னால் என்ன பேசுவது என்று பஸ்ஸில் இங்கிலீஷில் நான்கு வாக்கியம் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

க்ளிஃபர்ட் சந்தோஷமாக இருந்தான். தன் ஆட்கள் மூன்று மாதம் முட்டி மோதியும் ஓடாத ஷெல் இப்போது ஓடுகிறது என்றான். பிறகு சொன்னான்: “கோப்பைப் பார்த்தேன். புரோகிராம் எழுதியதும் ஷெல் அமைத்ததும் ஒரே ஆள். அப்படியிருக்க இரண்டு பேர் எதற்கு? அந்த ஒருவரை அனுப்பினால் போதுமே.”

சேஷகிரி சட்டென்று மியூட் பொத்தானை அழுத்தினார். பிரிண்ட் அவுட்டைப் பார்த்தார். காந்தாவைப் பார்த்தார்.

“என்னம்மா இது? யாரு இவன் பேர் போட்டது?”

“நாந்தான் சார்.”

“அய்யோ. என் பேர்தானே போடணும்? யாக்கம்மா, ஏன்?”

சேஷகிரி ஸ்ரீஹர்ஷா பக்கம் திரும்பினார். “நீயே சொல்லுப்பா. பேர் உன்னுது. நான் சொன்னா ரெக்கார்டு மாத்தறேன்னு நினைப்பான். நீ சொன்னா சரியாயிடும்.”

பொத்தானை விட்டார்.

“ஹர்ஷா, இரண்டும் உன் வேலைதானே?” என்று க்ளிஃபர்ட் கேட்டான்.

ஸ்பீக்கரில் லேசான இரைச்சல் மட்டும் கேட்டது. காந்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயம்கூட வரவில்லை. அவன் சொல்லிவிடுவான், அதற்கடுத்துத் தான் பேச வேண்டிய முதல் வாக்கியத்தைத்தான் மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீஹர்ஷா போனின் மேல் இருந்த சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தான்.

“யெஸ். இரண்டும்” என்றான்.

கூட்டம் அதற்குப் பிறகும் கால் மணி நேரம் நடந்தது. விசா, டிக்கெட், எந்தத் தேதி. காந்தா அத்தனையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போயிருக்கலாம். எழுந்து போகத் தோன்றவில்லை.

மதியம் மாடிப்படியில் அவனைப் பிடித்தாள்.

“ஏன் ஹர்ஷா?”

“அந்த எடத்துல இல்லன்னு சொன்னா என்ன ஆகும் யோசிச்சியா? பொய்ப் பேர் போட்டிருக்கீங்களான்னு கேப்பான். வேற எதுல எல்லாம் போட்டிருக்கீங்கம்பான். மொத்த ப்ராஜெக்டும் காலி. உன் வேலையும் சேத்துத்தான்.”

“என் வேல போனா போவுது. நம்ம விஷயம்?”

“ஆறு மாசம் காந்தா. நான் போய் காலூனிக்கறேன். அப்புறம் உன்ன கூப்பிடச் சொல்றேன்.”

“எந்தப் பேரச் சொல்லி?”

அவனுக்கு உடனே புரியவில்லை.

“காந்தான்னு ஒருத்தி கீறான்னு அங்க யாருக்குத் தெரியும்? நீ இப்பதான இல்லன்னு சொன்ன” என்றாள்.

“இல்லன்னு நான் சொல்லல. கேட்டதுக்கு ஆமான்னேன்” என்றான் அவன். சொல்லிவிட்டு அவனுக்கே அது அசிங்கமாக இருந்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

“வீட்ல சொன்னியா?”

“போறத சொன்னேன். அம்மா சாயங்காலம் ஸ்வெட்டர் வாங்கக் கூப்பிட்டிருக்கா.”

“நம்மளப் பத்தி?”

“போன் பண்ணும்போது பக்கத்துல எல்லாரும் இருந்தாங்க” என்றான்.

அன்று பாமா வேலையிலிருந்து வந்து, தலையில் ஒட்டிய சிமெண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். காந்தா வாசற்படியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். ஷெல், பெயர், போன் எல்லாம். பாமா கேட்டுக்கொண்டே கழுவினாள்.

“வுடு. இதுக்கா மூஞ்ச தூக்கி வச்சினு கீற? நாங்க தூக்குன வீடு எத்தினி இருக்கும்? எதுலயாவது எம் பேரு கீதா? மேஸ்திரி பேருதான் நிக்குது. நாளைக்கு வேற வூடு.”

“அது வேறம்மா.”

“இன்னா வேற? எல்லாம் ஒண்ணுதான்.”

“உன் மேஸ்திரி உன்னக் கட்டிக்கறேன்னு சொல்லலம்மா.”

பாமா சொம்பைக் கீழே வைத்தாள். ஸ்ரீஹர்ஷா என்ற பெயரை இதுவரை அவள் ஆபீஸ் பெயராக மட்டுமே கேட்டிருந்தாள். ஈரத் தலையோடு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். யார், எந்த வீடு, எத்தனை நாளாக என்று ஒன்றும் கேட்கவில்லை. “ஓடிப் போயி புடிக்கறதுக்கு அவன் இன்னா பஸ்ஸா? போறவன் போவட்டும்” என்றாள். எழுந்து போய் அடுப்பு மூட்டினாள்.

மறுநாள் சேஷகிரி காந்தாவைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். “அங்க போய் நின்னதும் ஷெல்லப் பத்தித்தான் கேப்பாங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நீ நாலு நாள் உக்காந்து ஒவ்வொரு வரியா சொல்லிக் குடுத்துடும்மா. தப்பா நெனச்சுக்காதே.”

தப்பாக நினைக்காமல் எப்படி இருப்பது என்று அவர் சொல்லவில்லை.

நான்கு நாள். அவன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு புதிய நோட்டு ஒன்றில் எழுதினான். எழுதும்போது அவன் முழங்கை அவள் முழங்கையில் படும். முன்பு படுகிற மாதிரியேதான் பட்டது. புதன்கிழமை, நூலகப் பெயர்கள். வியாழக்கிழமை, எது முன்னால் எது பின்னால். இந்த ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டால் போதும் என்று காந்தாவுக்கு அப்போது தோன்றியது. பழையதை முதலில் போடு என்று சொன்னால், கம்பைல் ஆகும், ஒஹையோவில் எல்லார் முன்னாலும் புரோகிராம் பாதியில் விழும், இவன் விழிப்பான், போன் செய்வான். அப்போது காந்தா பெயரைச் சொல்லியாக வேண்டும்.

“இதுல எது ஃபர்ஸ்ட்?” என்று அவன் பேனாவோடு காத்திருந்தான்.

“புதுசு ஃபர்ஸ்ட். எப்பவும் புதுசு. மாத்திப் போட்டேன்னா ஓடும்போது வுழுந்துடும்” என்றாள். இவ்வளவு கஷ்டப்பட்டு நிமிர்த்தியதைத் தன் கையாலேயே தள்ள அவளால் ஆகவில்லை. அவனுக்காக இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பாதி அவனுக்காகவும்தான்.

“நீ இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்” என்றான் அவன், எழுதிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை அவன், கீபோர்டை அவள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்தான். இருபத்து மூன்று வரியையும் நோட்டைப் பார்க்காமல் தானே அடித்தான். எட்டாவது வரியில் எக்ஸ்போர்ட் விட்டுப்போனது. காந்தாவின் விரல் தானாகத் திரை வரைக்கும் போனது. அதற்குள் அவனே பார்த்துச் சேர்த்துவிட்டான். சனிக்கிழமை எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி உள்ளே நுழைந்து, கம்பைல் செய்யச் சொன்னான்.

திரை நின்றது. இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பச்சை எழுத்து ஒவ்வொரு வரியாக இறங்கியது. முதல் பகுதி ஆனது. இரண்டாவது ஆனது. பெரிய பகுதியில் வழக்கம்போல் தயங்கியது. பிறகு அதுவும் போனது. பிழை பூஜ்யம்.

“யெஸ்!” என்று அவன் உள்ளங்கையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். காந்தாவின் கையும் ஏற்கெனவே மேலே இருந்தது. எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையும் சத்தமாகத் தட்டிக்கொண்டன. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நிஜமான சிரிப்பு, ஓடாது என்று இருந்த ஒன்று ஓடினால் வருகிற சிரிப்பு.

“சார்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்” என்று ஸ்ரீஹர்ஷா நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவன் போன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இனி அவனுக்குத் தன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. ஒரு வாரமாக வராத அழுகை அப்போது வந்தது. துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியும் தோள் குலுங்கியது.

மௌரீன் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். “ஏய், என்னாச்சு? கம்பைல் ஆகலியா?”

“ஆயிடுச்சு” என்றாள் காந்தா.